உருகிய அலுமினியத்துக்கு ஹைட்ரஜன் புரோப்: வாங்கும் முன் தெர்மோகப்பிளைப் பாருங்கள்

அலுமினிய பவுண்டரிக்கு (வார்ப்பாலைக்கு) ஹைட்ரஜன் புரோப் விற்க வருகிறவர் திரையில் 0.12 என்று ஓர் எண்ணைக் காட்டுவார். 100 கிராம் உலோகத்தில் 0.12 மி.லி. ஹைட்ரஜன் கரைந்திருக்கிறது என்று அர்த்தம்; உறையும்போது வார்ப்பில் துளை போடுவது அதுதான். அந்த எண்ணைப் புரோப் அளக்கவில்லை. புரோப் அளந்தது சில மில்லிவோல்ட்; பக்கத்தில் இருக்கும் தெர்மோகப்பிள் அளந்தது ஒரு வெப்பநிலை. மிச்சம் எல்லாம் பெட்டிக்குள் நடக்கும் கணக்கு. கருவியைப் பற்றிப் பாராட்டவும் குறை சொல்லவும் இருப்பது எல்லாம் இந்த ஒரு விஷயத்தில்தான் அடங்கியிருக்கிறது. மில்லிவோல்ட் பகுதி அருமையாக வேலை செய்கிறது. கணக்குப் பகுதியில் பாதி பவுண்டரிக்காரர் கையில் விடப்பட்டிருக்கிறது, அங்கேதான் ஏமாறுகிறோம்.

இங்கே எடுத்துக்கொள்வது புரோட்டான் கடத்தும் செராமிக் நுனி வைத்த மின்வேதி புரோப் மட்டும். சில ஆக்சைடு செராமிக்குகள் சூட்டில் புரோட்டானைக் கடத்தும் என்பதை ஜப்பானில் இவஹாராவின் குழு 1981-இல் வெளியிட்டது. அதன் வழி வந்ததுதான் இண்டியம் கலந்த கால்சியம் சிர்கோனேட். அதை அலுமினியத்தில் முக்கும் கருவியாக டிஒய்கே நிறுவனம் 'நோடார்ப்' என்ற பெயரில் கொண்டுவந்தது. 'புரோட்டான்' என்பதன் ஆங்கில எழுத்துகளைப் பின்னாலிருந்து படித்தால் அந்தப் பெயர் வரும். பெயர் வைத்தவருக்கு நகைச்சுவை இருந்திருக்கிறது. பிறகு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வை ஒட்டி ஃபோசெகோ நிறுவனம் 'அல்ஸ்பெக் ஹெச்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. செராமிக் இரண்டிலும் ஒரே குடும்பம்தான். மாறுவது ரெஃபரன்ஸ் பக்கம், அதாவது ஒப்பிடுவதற்காகப் புரோப்புக்குள் வைத்திருக்கும் தெரிந்த ஹைட்ரஜன் அழுத்தம். முதல் வகையில் புரோப்புக்குள் 1 சதவீத ஹைட்ரஜன் கலந்த ஆர்கான் ஓடுகிறது, சிலிண்டர் வேண்டும். இரண்டாம் வகையில் ஓர் உலோகமும் அதில் கரைந்த ஹைட்ரஜனும் சேர்ந்த திடக் கலவை உள்ளேயே மூடி வைக்கப்பட்டிருக்கிறது, சிலிண்டர் வேண்டாம்.

நுனியைக் கழற்றிப் பார்த்தால் விரலுறை மாதிரி ஒருபக்கம் மூடிய சிறு செராமிக் குழாய். உள்ளும் புறமும் பிளாட்டினப் பூச்சு. அது நேராக உலோகத்தைத் தொடுவதில்லை. சுற்றி ஒரு உறை, உறைக்கும் செராமிக்குக்கும் நடுவே ஒரு சிறு வாயுப் பை. உலோகத்தில் கரைந்த ஹைட்ரஜன் அந்தப் பைக்குள் ஊறி, உலோகத்தோடு சமநிலைக்கு வரும். உறையை வெறும் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். 720 டிகிரியில் அலுமினியத்தோடு சமநிலையில் நிற்கும் ஆக்சிஜன் அழுத்தம் சுமார் பத்தின் அடுக்கு கழித்தல் 48 வளிமண்டலம். அவ்வளவு ஆக்சிஜன் பஞ்சத்தில் இண்டியம் ஆக்சைடு தன் ஆக்சிஜனை விட்டுவிடப் பார்க்கும்; செராமிக் மெல்ல மெல்லப் புரோட்டான் கடத்தியாகவே இருக்காது. வாயுப் பை நடுவில் இருப்பது இதற்காகத்தான். உறை கீறி உலோகம் உள்ளே கசிந்தால் அன்றோடு சென்சார் முடிந்தது.

உள்ளே ஒரு ஹைட்ரஜன் அழுத்தம், வெளியே ஒரு ஹைட்ரஜன் அழுத்தம். இரண்டும் வேறாக இருந்தால் செராமிக்கின் இரு பக்கத்துக்கும் இடையே மின்னழுத்தம் வரும். அது எவ்வளவு என்று சொல்வது நெர்ன்ஸ்ட் சமன்பாடு. 720 டிகிரியில் அழுத்தம் பத்து மடங்கு மாறினால் 98.5 மில்லிவோல்ட். அதிலிருந்து உலோகத்தின் ஹைட்ரஜன் அழுத்தம் கிடைக்கும். கரைந்த அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதம் என்பது சீவர்ட்ஸ் விதி. ரான்ஸ்லி, நியூஃபெல்ட் இருவரும் 1948-இல் தந்த எண்களின்படி, ஒரு வளிமண்டல ஹைட்ரஜனின் கீழ் தூய அலுமினியம் 700 டிகிரியில் 0.91 மி.லி., 720-இல் 1.04, 750-இல் 1.25 கரைத்து வைத்துக்கொள்ளும், எல்லாம் 100 கிராமுக்கு. உறையும் இடமான 660 டிகிரியில் திரவத்தில் 0.69, திடத்தில் 0.036. இந்தக் கடைசி ஜோடிதான் பின்ஹோலுக்கு, அதாவது வார்ப்பில் விழும் ஊசித் துளைக்கு, காரணம்: உறையும்போது இருபதில் பத்தொன்பது பங்கு ஹைட்ரஜனுக்கு இடமில்லாமல் போகிறது.

ஒரு கணக்கைக் கையால் போட்டுப் பார்க்கலாம். 1 சதவீத ரெஃபரன்ஸ், உலோகம் 720 டிகிரி, மீட்டரில் 20 மில்லிவோல்ட். வெளி அழுத்தம் உள்ளே இருப்பதைப் போல 1.6 மடங்கு, அதாவது 0.016 வளிமண்டலம். வர்க்கமூலம் 0.126. அதை 1.04-ஆல் பெருக்கினால் 0.131. இது தூய அலுமினியத்துக்கு. பானையில் இருப்பது ஏ356 என்ற அலுமினிய அலாய் (உலோகக் கலவை). சிலிக்கான் ஹைட்ரஜனின் கரைதிறனைக் குறைக்கும், செம்பும் குறைக்கும், மக்னீசியம் கூட்டும். 7 சதவீத சிலிக்கானுக்கு, கொஞ்சம் மக்னீசியத்தோடு, 0.84 என்ற காரணியால் பெருக்க வேண்டும். 0.110 வருகிறது. வாடிக்கையாளரின் எல்லை 0.12 என்றால், அலாய் காரணியைப் போடாமல் விட்டவர் நல்ல உலோகத்தை மறுபடி டீகாஸ் செய்ய, அதாவது ஆர்கான் விட்டு ஹைட்ரஜனை வெளியேற்ற, போவார். ஏ356-க்குப் போட்ட காரணியை மாற்றாமல் ஏ.டி.சி.12 என்ற அலாயில் முக்குகிறவர் நிலை இன்னும் மோசம். 11 சதவீத சிலிக்கானும் இரண்டரை சதவீத செம்பும் சேர்ந்து காரணியை 0.63 பக்கம் இறக்கிவிடும். பெட்டியின் மெனுவில் அலாய் தேர்வு இரண்டு நிலை உள்ளே புதைந்திருந்தால் அதை ஒரு பெரிய குறையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். ஷிஃப்ட் மாறும்போது யாரும் அங்கே போய்ப் பார்க்கப் போவதில்லை.

இப்போது தெர்மோகப்பிள். மில்லிவோல்ட்டில் 1 தவறினால் கரைந்த அளவில் 1.2 சதவீதம் தவறும், பொறுத்துக்கொள்ளலாம். வெப்பநிலையில் 10 டிகிரி தவறினால் கரைதிறன் வழியாக மட்டும் 6.4 சதவீதம் தவறும். கே (K) வகை தெர்மோகப்பிளின் இரண்டாம் தரச் சகிப்பு ப்ளஸ் அல்லது மைனஸ் 0.75 சதவீதம், 720-இல் அது 5.4 டிகிரி. பெட்டியிலிருந்து எடுத்த புதுத் தெர்மோகப்பிளே மூன்றரை சதவீதத் தவறைத் தன்னோடு கொண்டுவருகிறது. முதல் தரம் வாங்கினால் 2.9 டிகிரி. விலை வித்தியாசம் சென்சாரின் விலையோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை. நெடுநேரம் முக்கி வைப்பதாக இருந்தால் 'என்' (N) வகைத் தெர்மோகப்பிள் இன்னும் நிலையானது. திட ரெஃபரன்ஸ் வகையில் விஷயம் இன்னும் கூர்மை: உள்ளே இருக்கும் கலவையின் ஹைட்ரஜன் அழுத்தமே வெப்பநிலையோடு வேகமாக மாறுவது, அதனால் வெப்பநிலைத் தவறு கணக்கில் இரண்டு தரம் நுழைகிறது, இரண்டும் ஒரே திசையில். சிலிண்டர் இழுக்கும் தொல்லை போனதற்கு இது விலை. தெர்மோகப்பிளை செராமிக்குக்கு எவ்வளவு அருகே வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். ஒரு சாண் தள்ளி இருந்தால், அது வேறு உலோகத்தின் வெப்பநிலை.

சிலிண்டர் வகையில் வேறு கவலை. ரெஃபரன்ஸ் வாயு சான்றிதழில் 1.00 என்று இருந்து உண்மையில் 1.05 ஆக இருந்தால் என்ன ஆகும்? வர்க்கமூலம் காப்பாற்றுகிறது, இறுதி எண்ணில் இரண்டரை சதவீதம்தான் தவறும். ஆகவே விலை உயர்ந்த துல்லியச் சான்றிதழ் வாயுவுக்குப் பணம் கொட்டத் தேவையில்லை. கசிவுதான் ஆபத்து. ரெகுலேட்டருக்கும் புரோப்புக்கும் நடுவே எங்காவது காற்று உள்ளே வந்தால், சூட்டில் ஹைட்ரஜன் எரிந்து தண்ணீராகிவிடும். உள் அழுத்தம் குறையும், ஆனால் பெட்டி 1 சதவீதம் என்றே நம்பிக்கொண்டிருக்கும். திரையில் எண் ஏறும். டீகாஸ் நன்றாக நடந்தும் ஹைட்ரஜன் இறங்கவில்லை என்ற புகார் வந்தால் ஆர்கானை உலோகத்துக்குள் கலக்கும் ரோட்டரைக் கழற்றுவதற்கு முன் சோப்பு நுரையை எடுத்துக்கொண்டு குழாய் இணைப்புகளைப் பாருங்கள். பிளாஸ்டிக் குழாய் வேண்டாம், ஈரம் அதன் சுவர் வழியே ஊறும். மெல்லிய ஸ்டெயின்லெஸ் குழாய் போதும். வெளிப்பக்கப் பையில் காற்று கசிந்தால் எதிர்த் திசை: எண் இறங்கி, உலோகம் சுத்தமாக இருப்பதுபோல் தெரியும்.

இந்தக் கருவியின் மிகப் பெரிய பொறி இனிமேல்தான் வருகிறது. மேலே சொன்ன கணக்கில் மில்லிவோல்ட் சுழியம் என்று வைத்துப் பாருங்கள். வெளி அழுத்தமும் உள் அழுத்தமும் சமம், 0.01 வளிமண்டலம், வர்க்கமூலம் 0.1, 720 டிகிரியில் தூய அலுமினியத்துக்கு 0.104. நன்றாக டீகாஸ் செய்த உலோகத்தின் எண் அது. ஒவ்வொரு பவுண்டரியும் பார்க்க ஆசைப்படுகிற எண். ஆனால் கேபிள் ஷார்ட் ஆனாலும் மில்லிவோல்ட் சுழியம்தான். கனெக்டரில் ஈரம் இறங்கினால் சுழியம். உறை கீறி அலுமினியம் இரண்டு பிளாட்டினப் பூச்சையும் இணைத்துவிட்டால் சுழியம். செத்த சென்சார் மிக நல்ல உலோகத்தைக் காட்டிக்கொண்டே இருக்கும், அசையாமல், ஆடாமல். பதிவேட்டில் 0.10, 0.10, 0.11 என்று வரிசையாக விழும். தரக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் எல்லோருக்கும் சந்தோஷம். மற்ற அளவீட்டுக் கருவிகள் கெட்டால் கூச்சல் போடும், இது கெட்டால் பாராட்டும்.

கண்டுபிடிக்க வழி இருக்கிறது. ஷார்ட் ஆன புரோப்பின் எண் வெப்பநிலையை மட்டும் பின்தொடரும்: 700-இல் 0.09, 750-இல் 0.125. டீகாஸ் ரோட்டர் ஓடினாலும் நின்றாலும் அதற்குக் கவலை இல்லை. புரோப்பை உலோகத்திலிருந்து உயர்த்தி மேலே பிடித்தால் உயிருள்ள சென்சாரின் மில்லிவோல்ட் நன்றாக நகரும். செத்தது சுழியத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். இதை ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஒரு முறை செய்ய அரை நிமிடம் ஆகாது. திரை மி.லி.யை மட்டும் காட்டி மில்லிவோல்ட்டை மறைத்துவைக்கிற பெட்டியை வாங்காதீர்கள். மற்ற எந்தக் குறையையும் பொறுக்கலாம், இதைப் பொறுக்க முடியாது.

இன்னொரு சோதனை, சென்சார் வயதாவதைப் பிடிப்பதற்கு. புரோட்டான் செராமிக்கின் உள்தடை அதிகம். அதனால் மீட்டரின் நுழைவுத் தடை அதைவிடப் பல மடங்கு இருக்க வேண்டும். பட்டறை மல்டிமீட்டரின் 10 மெகா ஓம் சரிபார்ப்புக்குப் போதும், தொடர்ந்த பதிவுக்கு அதைவிடக் கூடுதல் நல்லது. மில்லிவோல்ட் நிலையாக இருக்கும்போது சென்சார் முனைகளுக்குக் குறுக்கே 1 மெகா ஓம் ரெசிஸ்டரைத் தொடுங்கள். 40 மில்லிவோல்ட் 36-க்கு இறங்கினால் உள்தடை சுமார் 110 கிலோ ஓம். வாரம் ஒரு முறை இதைக் குறித்துவைத்தால், எண் தப்பாவதற்கு முன்பே தடை ஏறுவது தெரியும். சும்மா வயதாகும் சென்சாருக்கும், பூச்சு உரிந்த சென்சாருக்கும், ஃப்ளக்ஸ் (உலோகத்தைச் சுத்தம் செய்யப் போடும் உப்பு) தின்ற சென்சாருக்கும் பொதுவான அறிகுறி இதுவே.

புதுச் சென்சாரை உலோகத்தில் முக்குவதற்கு முன் மேசையில் சோதிக்க ஒரு குழாய் உலை இருந்தால் போதும். 700 டிகிரியில் உள்ளும் புறமும் ஒரே 1 சதவீத வாயு: சுழியம், ஒன்றிரண்டு மில்லிவோல்ட்டுக்குள். வெளியே 0.1 சதவீத வாயுவுக்கு மாற்றினால் 96.5 மில்லிவோல்ட், குறி மைனஸ். 85 மட்டும் வந்தால் எங்கோ கசிவோ, செராமிக்கில் மயிர்க்கீறலோ இருக்கிறது. விற்பவர் இந்தச் சோதனைத் தாளை ஒவ்வொரு சென்சாரோடும் தருகிறாரா என்று கேளுங்கள். தந்தால், அவருக்குத் தன் சரக்கு தெரியும்.

முக்கும் முறைக்கு வருவோம். உறையில் ஒட்டியிருக்கும் ஈரமே ஹைட்ரஜன் ஊற்று. உலோகத்தின் மேற்பரப்புக்கு மேலே கால் மணி நேரமாவது பிடித்துச் சூடேற்றாமல் முக்கினால் இரண்டு தண்டனை: செராமிக் வெடிக்கலாம், வெடிக்காவிட்டால் முதல் அரை மணி எண் ஏறியே நிற்கும். கசடை ஒதுக்கிவிட்டு, நுனி மேற்பரப்பிலிருந்து ஒரு சாணாவது கீழே இருக்கும்படி இறக்குங்கள். சுவரை ஒட்டியோ, ரோட்டரின் சுழலிலோ வேண்டாம். அசையாத மூலையிலும் வேண்டாம்; வாயுப் பைக்கு ஹைட்ரஜன் வந்து சேர உலோகம் கொஞ்சம் நகர்ந்துகொண்டிருக்க வேண்டும். முதல் நிலையான எண்ணுக்குப் பல நிமிடம் ஆகும். பத்து, சில நேரம் இருபது. திரையில் எண் வந்ததும் எழுதிக்கொள்ளும் பழக்கம் வேண்டாம், ஐந்து நிமிடத்தில் அது எவ்வளவு நகர்கிறது என்று பார்த்து எழுதுங்கள். ஃப்ளக்ஸ் போடும் நேரத்தில் புரோப் உள்ளே இருக்கவே கூடாது. குளோரைடு, ஃப்ளூரைடு உப்புகள் உறையின் துளைகளை அடைக்கும், செராமிக்கையும் அரிக்கும். மக்னீசியம் கூடிய அலாய்களில் அதன் ஆவி வாயுப் பைக்குள் போய்ச் செராமிக்கைத் தாக்கும். அங்கே சென்சார் ஆயுள் குறைவு என்பதை முன்பே கணக்கில் வையுங்கள். தூண்டல் உலையில் நேராக முக்குகிறவர்கள், அளவீட்டு நேரத்தில் பவரை நிறுத்துவதோ, கவசமிட்ட முறுக்குக் கேபிள் போடுவதோ இல்லாமல் எண்ணை நம்ப வேண்டாம்.

எண் மெல்ல வருவதிலிருந்து ஒரு முக்கியமான முடிவு. 500 கிலோ லேடிலில் (உலோகம் ஊற்றும் கலத்தில்) 8 நிமிடம் ரோட்டர் ஓட்டி, உடனே ஊற்றுகிற இடத்தில் இந்தப் புரோப்புக்கு வேலை இல்லை. அது சூடேறிச் சமநிலைக்கு வருவதற்குள் லேடில் போய்விட்டிருக்கும். ஹோல்டிங் ஃபர்னஸ் (உருகிய உலோகத்தைச் சூட்டிலேயே வைத்திருக்கும் உலை), லாண்டர் (உலோகம் ஓடும் வாய்க்கால்), பில்லெட் (உருளைக் கட்டி) வார்க்கும் வரிசை, லோ பிரஷர் டை காஸ்டிங் உலை ஆகியவற்றில்தான் இது காசுக்கு மதிப்பு. அங்கே உள்ளேயே இருந்துகொண்டு, மாற்றத்தைச் சில நிமிடத் தாமதத்தில் பின்தொடரும். ரோட்டர் ஓடும்போது வளைகோடு முதலில் சரியும், பிறகு தட்டையாகும், அதற்குமேல் எவ்வளவு ஆர்கான் விட்டாலும் இறங்காது. அந்தத் தட்டையான தரையைப் பார்த்ததும் ரோட்டரை நிறுத்துவதில் மிச்சமாகும் ஆர்கானும், கிராஃபைட் ரோட்டரின் ஆயுளும் இந்தக் கருவியின் உண்மையான வருமானம். லேப் ரிப்போர்ட்டில் அழகாகத் தெரியும் எண்ணில் வருமானம் இல்லை.

அந்தத் தரை எங்கே நிற்கும் என்பதை வானிலை தீர்மானிக்கிறது. அலுமினியம் காற்றின் ஈரத்தைப் பிய்த்து ஆக்சைடையும் ஹைட்ரஜனையும் உண்டாக்கும். டியூ பாயிண்ட் (காற்றின் ஈரம் பனித்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 25 டிகிரி என்றால் காற்றில் நீராவி அழுத்தம் 31.7 மில்லிபார், அவ்வளவும் ஹைட்ரஜனாக மாறுவதாக எடுத்துக்கொண்டால் 720 டிகிரியில் தூய அலுமினியம் போகும் இடம் 0.18. டியூ பாயிண்ட் 5 டிகிரியில் 0.096. மேற்பரப்பின் ஆக்சைடுத் தோல் இந்தப் பயணத்தைத் தாமதப்படுத்தும், திசையை மாற்றாது. சென்னையில் வடகிழக்குப் பருவமழை மாதங்களில் வார்ப்பவர், குளிர்நாட்டுப் பவுண்டரியின் 0.08 இலக்கை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிவந்துவிட்டு டீகாஸ் இயந்திரத்தைத் திட்டுவதில் நியாயமில்லை. புரோப்போடு ஒரு டியூ பாயிண்ட் மீட்டரையும் வாங்கி, இரண்டு எண்ணையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். இரண்டு மாதத்தில் உங்கள் உலையின் குணம் கையில் வந்துவிடும்.

கையில் ஏற்கெனவே இருக்கும் வெற்றிட மாதிரிச் சோதனையை இது விரட்டுமா? விரட்டக் கூடாது. 80 மில்லிபாரில் உறைந்த மாதிரியின் அடர்த்தியையும், சாதாரண அழுத்தத்தில் உறைந்ததன் அடர்த்தியையும் ஒப்பிட்டு வரும் அடர்த்திக் குறியீடு ஹைட்ரஜனை மட்டும் பேசுவதில்லை. உலோகத்தில் மடிந்து கிடக்கும் ஆக்சைடுத் தோல்கள்தான் குமிழிக்கு வாசல் திறக்கின்றன. பர்மிங்ஹாமில் வார்ப்புத் தொழில்நுட்பப் பேராசிரியர் ஜான் காம்பெல் நெடுங்காலம் வலியுறுத்தியது இதைத்தான். சாதாரண மாதிரி 2.65, வெற்றிட மாதிரி 2.58 என்றால் குறியீடு 2.6. புரோப் 0.10 காட்டுகிறது, குறியீடோ 6-க்குப் போகிறது என்றால் ஹைட்ரஜனைத் துரத்த வேண்டாம். மறுசுழற்சி ஸ்கிராப்பையும், லேடிலிலிருந்து உயரத்தில் ஊற்றும் பழக்கத்தையும் பாருங்கள். புரோப் 0.20, குறியீடு 2 என்றால் உலோகம் சுத்தம், வாயு மட்டும் அதிகம். இரண்டு எண்ணும் சேர்ந்தால்தான் நோய் எது என்று தெரிகிறது. புரோப் வாங்கியதும் வெற்றிடப் பம்பை ஸ்டோருக்கு அனுப்பும் மேலாளர் பாதிக் கண்ணைப் பிடுங்கிப் போடுகிறார்.

போட்டிச் சரக்கு என்று பார்த்தால் ஏபிபி நிறுவனத்தின் 'ஆல்ஸ்கேன்'. அது மின்வேதி இல்லை. நைட்ரஜனை ஒரு துளைப் புரோப் வழியே உலோகத்தில் சுற்றவிட்டு, வாயுவின் வெப்பக் கடத்துதிறனால் ஹைட்ரஜனை அளக்கிறது. ஓர் அளவீட்டுக்குப் பத்து நிமிடத்தை ஒட்டி ஆகும். பெரிய உருக்காலைகளில் அதன் எண்ணைத்தான் வாடிக்கையாளர் பேசுவார். அதன் பலமே அந்த மரபு. அதுவும் சமநிலை அழுத்தத்தைத்தான் அளக்கிறது என்பதால் அலாய் காரணி, வெப்பநிலைத் தொல்லைகளிலிருந்து அதுவும் தப்பவில்லை. தொடர்ந்து முக்கிவைத்துப் பார்ப்பதென்றால் மின்வேதி புரோப்புக்கே நம் ஓட்டு. ஒப்பந்தச் சண்டைக்கு ஒரு தீர்ப்பு எண் வேண்டுமென்றால் இரண்டும் வேண்டாம். செம்பு அச்சில் வேகமாக உறையவைத்த மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பி, சூடாக்கி ஹைட்ரஜனை வெளியே இழுத்து அளக்கச் சொல்லுங்கள்.

எஃகு உலகத்தில் இதன் அண்ணன் ஒருவர் உண்டு: மக்னீசியா கலந்த சிர்கோனியா நுனியும் குரோமியம்–குரோமியம் ஆக்சைடு ரெஃபரன்ஸும் வைத்த ஆக்சிஜன் புரோப். காகிதக் குழாயில் வரும். 1600 டிகிரியில் முக்கினால் சில நொடியில் எண், அடுத்து குப்பை. அதைப் பழகியவர்கள் அலுமினியப் புரோப்பையும் அதே வேகத்தில் எதிர்பார்ப்பார்கள். இது அந்தச் சாதி இல்லை. இன்னொரு தூரத்து உறவு கல்பாக்கத்தில் இருக்கிறது. சோடியத்தால் குளிரூட்டும் வேக ஈனுலை என்ற அணு உலைகளில் நீராவிக் குழாய் கசிந்தால் சோடியத்தில் ஹைட்ரஜன் ஏறும். அதைப் பிடிக்க இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் கால்சியம் புரோமைடும் கால்சியம் ஹைட்ரைடு புரோமைடும் சேர்ந்த, ஹைட்ரைடு அயனி கடத்தும் மின்பகுளியை வைத்து மின்வேதி மீட்டர் உருவாக்கியது. பிரான்சின் ஃபீனிக்ஸ் உலையிலும் அது சோதிக்கப்பட்டது. அங்கே கேள்வி எவ்வளவு என்பதில்லை, ஏறுகிறதா என்பதுதான். பவுண்டரிக்காரரும் அந்தப் பார்வையைக் கடன் வாங்கிக்கொள்ளலாம்: ஒற்றை எண்ணைவிட நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசத்தை இந்தப் புரோப் நம்பகமாகச் சொல்லும்.

யார் வாங்க வேண்டாம்? ஏ.டி.சி.12-ஐ ஹை பிரஷரில் அடிப்பவர்கள். அங்கே துளைகளில் பெரும்பகுதி ஷாட் ஸ்லீவில் (உலோகத்தை அச்சுக்குள் தள்ளும் குழாயில்) சிக்கிய காற்றும் லூப்ரிகன்ட் புகையும். அந்தப் பணத்தை வெற்றிட வால்வுக்கோ வென்ட்டுக்கோ போடலாம். தடித்த கிராவிட்டி வார்ப்பு போடுகிற சிலர் சுருங்கு குழியைச் சிறு துளைகளாகப் பரப்ப வேண்டுமென்றே கொஞ்சம் வாயுவை விட்டுவைப்பார்கள். அவர்களுக்குப் புரோப் பயன்படும், ஆனால் எண்ணை இறக்க அல்ல, ஒரே இடத்தில் நிறுத்த. வீல், சிலிண்டர் ஹெட், பிரேக் பாகம், பில்லெட் வார்ப்பவர்களுக்கு நேரடியாகப் பரிந்துரைக்கலாம்.

செலவு பேசும்போது பெட்டியின் விலையைப் பார்த்து மலைக்க வேண்டாம், அது ஒரு தரம். சென்சார்தான் மாதாமாதம் கேட்கும். எத்தனை முறை முக்கலாம் என்று விற்பவர் சொல்வார். அதை எழுதிக்கொண்டு, எத்தனை மணி நேரம் உள்ளே இருக்கும் என்றும் கேளுங்கள். ஒவ்வொரு முக்கலும் ஒரு வெப்ப அதிர்ச்சி. ஒரே சென்சார் தொடர்ந்து உள்ளே இருந்தால் தாங்கும் மணி வேறு, நாளுக்கு ஆறு முறை ஏறி இறங்கினால் தாங்கும் மணி வேறு. டெமோவை அவர்களுடைய லேப் பானையில் பார்க்காமல் உங்கள் ஹோல்டிங் ஃபர்னஸில், உங்கள் அலாயில், ஒரு முழு ஷிஃப்ட் வைக்கச் சொல்லுங்கள். நடுவில் ஒரு முறை நீங்களே போய்ப் புரோப்பின் கேபிள் முனைகளை ஒரு கம்பித் துண்டால் ஷார்ட் செய்யுங்கள். பெட்டி எச்சரிக்கை மணி அடிக்கிறதா, 0.10 என்று சிரிக்கிறதா என்று பார்த்துவிட்டு விலை பேச உட்காருங்கள்.